பக்கத்தில் நின்றால் ஜோடியா?



போன வைகாசியில் எங்க பெரியப்பா மகள் கல்யாணம். அம்மி மிதித்ததும் ஐயர் வானத்தைக் காட்டி, "அருந்ததி தெரியுதாம்மா?" என்றார். காலை 7 மணி! அக்காவும் "தெரியுது சாமி" என்று தலையாட்டிவிட்டாள். ராத்திரி மொட்டைமாடியில் நான்தான் நிஜமாகக் காட்டினேன். வடக்கே சப்தரிஷி மண்டலத்தின் வாலில் மூன்று நட்சத்திரம். நடுவில் உள்ளது வசிட்டர், அதை ஒட்டி மங்கலாக இருப்பது அருந்ததி.

அக்கா கேட்டாள்: "இதுங்க நிஜமாவே ஜோடியா, இல்ல நமக்குத்தான் அப்படித் தெரியுதா?"

நல்ல கேள்வி! ஏரிக்கரைப் பனைமரமும் தூரத்து மலையும் நம் கண்ணுக்கு ஒட்டித் தெரியும். ஆனால் இடையில் எவ்வளவு தூரம்! வானத்திலும் இப்படிப் பொய் ஜோடிகள் உண்டு. ஈர்ப்பு விசையால் ஒன்றையொன்று சுற்றுபவைதான் உண்மையான இரட்டை நட்சத்திரங்கள். 1689-ல் நம் புதுச்சேரியிலிருந்து வால்நட்சத்திரம் பார்த்த ரிஷோ பாதிரியார், ஆல்ஃபா சென்டாரி இரண்டாக இருப்பதைக் கண்டுபிடித்தார். அது உண்மை ஜோடி. ஒருமுறை சுற்ற சுமார் 80 வருடம் ஆகும்.

எப்படிப் பிரித்து அறிவது? நான் ஒரு சோதனை செய்தேன். சார்ட்டில் 100 கட்டம் போட்டு, 20 புளியங்கொட்டையைக் கண்ணை மூடித் தூவினேன். பல தடவை தூவினாலும், ஒரே கட்டத்தில் விழுந்த ஜோடி சராசரியாக இரண்டுதான். அதுவே 10 ஜோடி வந்தால்? யாரோ கொட்டைகளை ஒட்டி வைத்திருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்! 1767-ல் ஜான் மிச்செல் என்ற இங்கிலாந்துக்காரர் இதே மாதிரிதான் கணக்குப் போட்டார். தற்செயலாக வர வேண்டியதைவிட வானத்தில் நெருக்கமான ஜோடிகள் அதிகம், அதனால் பலது உண்மை ஜோடி என்றார். பிறகு வில்லியம் ஹெர்ஷல் அவை சுற்றுவதையே பார்த்துவிட்டார்.

ஐரோப்பாவின் கையா விண்கலம் 2013-ல் கிளம்பி 2025 ஜனவரி வரை வானத்தை அளந்தது. ஏறக்குறைய 200 கோடி நட்சத்திரங்கள்! அந்தப் பட்டியலில் விஞ்ஞானிகள் கேட்ட கேள்வி இரண்டு: இரண்டும் ஒரே தூரமா? ஒரே திசையில், ஒரே வேகத்தில் நகருதா? அப்புறமும் சந்தேகம். அதனால் ஒவ்வொரு நட்சத்திரத்தையும் நிலா அகலத்துக்குத் தள்ளி வைத்ததாக நினைத்து, அங்கே ஜோடி தேடினார்கள். அங்கே கிடைப்பது தற்செயல் ஜோடிதானே! அதை வைத்து எத்தனை பொய் கலந்திருக்கும் என்று கணக்கிட்டார்கள். 2021-ல் வந்த முடிவு: 90 சதவீதத்துக்கு மேல் நம்பகமான ஜோடிகள் 11 லட்சம்!

அக்காவுக்குப் பதில்: அருந்ததியும் வசிட்டரும் சுமார் 80 ஒளியாண்டு தூரத்தில் சேர்ந்தே நகர்கிறார்கள். வசிட்டரே நான்கு நட்சத்திரம், அருந்ததி இரண்டு. மொத்தம் ஆறு பேர் உள்ள கூட்டுக் குடும்பம்!

கடைசியாக ஒன்று. எங்க தெரு அக்கா ஒருத்தி பக்கத்தில் பஸ் ஸ்டாப்பில் ஒரு பையன் நின்றானாம். யாரோ வீட்டில் சொல்லி, ஒரு வாரம் அவளைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. அங்கே காலையில் நாற்பது பேர் நிற்கிறோம். யாராவது யார் பக்கத்திலாவது நின்றுதானே ஆகணும்? நட்சத்திரத்துக்கே இத்தனை கணக்குப் பார்க்கிறார்கள். நம்மைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் கொஞ்சமாவது பார்க்கக் கூடாதா?

நீங்களும் புளியங்கொட்டை தூவிப் பார்த்து, எண்ணிக்கையைக் கீழே உள்ள வெள்ளைத்தாளில் எழுதுங்கள்.



— ஒன்பதாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி