கியெவ் எப்படி கீவ் ஆனது: விக்கிப்பீடியா தலைப்புகள் பற்றி ஒரு குறிப்பு

ஆங்கில விக்கிப்பீடியாவின் தேடல் பெட்டியில் கே-ஐ-ஈ-வி என்று தட்டிப் பாருங்கள். உக்ரைன் தலைநகரம் பற்றிய கட்டுரைக்குப் போய்ச் சேருவீர்கள். ஆனால் மேலே பெரிய எழுத்தில் இருக்கும் தலைப்பு கே-ஒய்-ஐ-வி. அதற்குக் கீழே பொடி எழுத்தில், நீங்கள் தட்டிய பெயரிலிருந்து இங்கே திருப்பி விடப்பட்டிருக்கிறீர்கள் என்று ஒரு வரி. பெரும்பாலும் யாரும் அதைக் கவனிப்பதில்லை. ஆனால் அந்த ஒரு வரி அங்கே வருவதற்குள் பத்து வருஷத்துக்கு மேல் வாக்குவாதம் நடந்திருக்கிறது.

தமிழில் நமக்கு இந்தப் பிரச்சினை தெரியவே தெரியாது. ரெண்டு ஸ்பெல்லிங்கையும் 'கீவ்' என்று எழுதிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். இந்தக் குறிப்பில் மட்டும் வசதிக்காக, ரஷ்ய உச்சரிப்பிலிருந்து வந்த பழைய ஸ்பெல்லிங்கை 'கியெவ்' என்றும், உக்ரைனிய உச்சரிப்பிலிருந்து வந்த புதியதை 'கீவ்' என்றும் எழுதுகிறேன்.

சம்பளம் இல்லாத, முகம் தெரியாத, மேலே ஒரு மேனேஜர்கூட இல்லாத ஒரு கூட்டம், ஒரு பெயரை எப்படித்தான் முடிவு பண்ணுகிறது? ஆபீஸில் ஒரு டேபிளுக்குப் பெயர் வைக்க ரெண்டு மீட்டிங் போட்டு அனுபவித்தவன் என்பதால், இந்தக் கேள்வி எனக்குக் கொஞ்சம் நெருக்கமானது.

பட்டனை அழுத்துவது சுலபம்

விக்கிப்பீடியாவில் தலைப்பை மாற்றுவதை 'நகர்த்தல்' என்கிறார்கள். தலைப்புதான் பக்கத்தின் முகவரியும் என்பதால், பெயர் மாறினால் பக்கமே இடம் மாறுகிறது. கணக்குத் தொடங்கி நாலு நாளும் பத்துத் திருத்தங்களும் ஆகிவிட்டால், பூட்டு போடாத கட்டுரைகளை எந்தப் பயனரும் நகர்த்தலாம். கட்டுரையின் முழுத் திருத்த வரலாறும் கூடவே வந்துவிடும். பழைய பெயரில் ஒரு வழிமாற்று தானாக உருவாகும். பழைய இணைப்பு எதுவும் உடையாது.

நாங்கள் கோடில் ஒரு ஃபங்ஷனின் பெயரை மாற்றினால், அதைக் கூப்பிடும் இடமெல்லாம் உடையும். இங்கே அந்தத் தலைவலிகூட இல்லை. ரெண்டு பெயரும் வேலை செய்யும். அப்புறம் எதற்குச் சண்டை?

ஏனென்றால் வழிமாற்று எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம், தலைப்பு ஒன்றுதான் இருக்க முடியும். வழிமாற்று உங்களை உள்ளே விடும், ஆனால் வாசலில் மாட்டியிருக்கிற பெயர்ப்பலகை தலைப்புதான். கோடிக்கணக்கான பேர் பார்க்கிற பலகை.

ஏழு நாள்

எழுத்துப்பிழை மாதிரி யாரும் எதிர்க்காத மாற்றம் என்றால் நீங்களே செய்துவிடலாம். புதுப் பெயரில் ஏற்கனவே வரலாறு உள்ள ஒரு பக்கம் இருந்து அது வழியை மறித்தால், அதற்கென இருக்கும் தொழில்நுட்பக் கோரிக்கைப் பட்டியலில் போட்டால் போதும். நிர்வாகிகளோ, பக்கம் நகர்த்தும் கூடுதல் உரிமை பெற்றவர்களோ செய்து தருவார்கள்.

யாராவது எதிர்ப்பார்கள் என்று தோன்றினால் பாதை வேறு. கட்டுரையின் உரையாடல் பக்கத்தில் ஒரு வார்ப்புருவைப் போட்டு, புதுப் பெயர் என்ன, ஏன் வேண்டும் என்று எழுத வேண்டும். ஒரு தானியங்கி அதை எடுத்துப் பொதுப் பட்டியலில் சேர்க்கும். அதனால் அந்தக் கட்டுரைக்குச் சம்பந்தமே இல்லாதவர்களும் வந்து கருத்துச் சொல்வார்கள். ஏழு நாள் விவாதம். பிறகு, விவாதத்தில் கலந்துகொள்ளாத ஒருவர் அதைப் படித்து முடித்துவைக்க வேண்டும். தெளிவில்லை என்றால் இன்னொரு சுற்றுக்கு நீட்டிக்கலாம்.

முடிவு மூணு விதமாக வரும். நகர்த்தலாம், நகர்த்த வேண்டாம், இணக்க முடிவு இல்லை. மூணாவது வந்தால் பழைய நிலையான தலைப்பே தொடரும். அதாவது சமநிலை என்றால் ஏற்கனவே உட்கார்ந்திருப்பவருக்கே நாற்காலி. மாற்றம் கேட்பவர் மேல்தான் நிரூபிக்கிற சுமை. இந்தச் சின்ன விதி கியெவ் விஷயத்தில் எவ்வளவு பெரிய வேலை செய்தது என்பதைக் கீழே பார்ப்போம்.

ஓட்டு மாதிரி இருக்கும், ஆனால் ஓட்டு இல்லை

விவாதப் பக்கத்தைத் திறந்தால் ஒவ்வொருவரும் 'ஆதரவு', 'எதிர்ப்பு' என்று தடித்த எழுத்தில் போட்டுத்தான் ஆரம்பிப்பார்கள். பார்த்தால் தேர்தல்தான். ஆனால் இந்தப் பதிவுகளை ஆங்கில விக்கிப்பீடியர்கள் எழுதுகிற விதம் வேடிக்கையானது. 'ஓட்டு' என்ற சொல்லுக்கு முன்னால் ஒரு ஆச்சரியக்குறி போடுவார்கள். பல நிரல்மொழிகளில் ஆச்சரியக்குறி என்றால் 'இல்லை' என்று பொருள். ஆக, அது 'ஓட்டு-இல்லை'. முதல்முறை பார்த்தபோது சிரித்துவிட்டேன்.

ஆனால் அந்தக் குறி விளையாட்டுக்கு இல்லை. முடித்துவைப்பவர் தலைகளை எண்ணக் கூடாது, வாதங்களை எடைபோட வேண்டும் என்பது விதி. முப்பது பேர் வந்து "இதுதான் சரியான பெயர்" என்று மட்டும் எழுதிவிட்டுப் போனால் அதற்கு எடை குறைவு. பத்து பேர் ஆதாரத்தோடு பேசினால் எடை அதிகம். வெளியே சமூக வலைத்தளத்தில் ஆள் திரட்டிக் கூட்டிவருவது தவறு. ஒரே ஆள் பல கணக்கில் வந்தால் கண்டுபிடித்துத் தடை செய்வார்கள்.

எதை வைத்து எடைபோடுவது? தலைப்புக்கு அஞ்சு குணங்கள் சொல்லியிருக்கிறார்கள். வாசகருக்கு அடையாளம் தெரிய வேண்டும். இயல்பாகத் தேடுகிற பெயராக இருக்க வேண்டும். வேறொன்றோடு குழம்பக் கூடாது. தேவைக்கு மேல் நீளக் கூடாது. அதே வகைக் கட்டுரைகளின் தலைப்புகளோடு ஒத்துப்போக வேண்டும். இதோடு சேர்த்து ஒரு முக்கியமான விதி: அதிகாரபூர்வமான பெயர் என்பதற்காகவே ஒரு பெயர் தலைப்பாகிவிடாது. நம்பகமான ஆங்கில வெளியீடுகளில் பரவலாகப் புழங்கும் பெயர்தான் பொதுவாகத் தலைப்பு. கோத் திவ்வார் என்றே தன்னை அழைக்க வேண்டும் என்று அந்த நாட்டு அரசு வற்புறுத்தினாலும், ஆங்கில விக்கிப்பீடியாவில் தலைப்பு ஐவரி கோஸ்ட்தான்.

விதிகள் இருந்தால் சண்டை குறையும் என்று நினைக்காதீர்கள். தயிர் பற்றிய கட்டுரையின் ஆங்கிலத் தலைப்பில் ஹெச் எழுத்து வேண்டுமா வேண்டாமா என்பது 2003-இல் கிளம்பி 2011-இல்தான் முடிந்தது. 2013-இல் வந்த 'ஸ்டார் டிரெக் இன்டு டார்க்னெஸ்' படத்துக்கு, 'இன்டு'வின் முதல் எழுத்து பெரிதா சிறிதா என்று 40,000 சொற்களுக்கு மேல் விவாதித்தார்கள். நாலெழுத்து வரையுள்ள முன்னிடைச்சொற்களைச் சிறிய எழுத்தில் தொடங்க வேண்டும் என்பது நடை விதி. 'இன்டு டார்க்னெஸ்' என்பது துணைத்தலைப்பு என்றால் முதல் எழுத்து பெரிதாக வேண்டும். நடுவில் முக்காற்புள்ளி இல்லாததால், அது துணைத்தலைப்பா இல்லையா என்பதே சண்டை! எக்ஸ்கேசிடி காமிக்ஸில் கிண்டல் செய்யும் அளவுக்குப் போய், கடைசியில் பெரிய எழுத்தே ஜெயித்தது.

இதையெல்லாம் படித்துச் சிரிக்கலாம். கியெவ் பக்கத்துக்குப் போனால் சிரிப்பு நின்றுவிடுகிறது.

கியெவ், கீவ்

உக்ரைன் 1991-இல் சுதந்திரம் பெற்றது. 1995-இல், ரோமன் எழுத்தில் தலைநகரின் பெயர் கீவ் என்று அந்த நாடு அதிகாரபூர்வமாக முடிவு செய்தது. ஆனால் ஆங்கிலப் பத்திரிகைகள் கியெவ் என்றே எழுதிக்கொண்டிருந்தன. 2001-இல் தொடங்கிய விக்கிப்பீடியாவும் அப்படியே.

மாற்றக் கேட்டவர்களின் வாதம் எளிமையானது. இது எங்கள் நகரம், எங்கள் மொழியில் இதன் பெயர் இது, பழைய ஸ்பெல்லிங் ரஷ்ய, சோவியத் ஆட்சியின் மிச்சம். எதிர்த்தவர்களின் வாதமும் எளிமையானதுதான். ஆங்கிலத்தில் மாஸ்கோ என்கிறோம், மஸ்க்வா என்பதில்லை. ரோம் என்கிறோம், ரோமா என்பதில்லை. பெரிய பத்திரிகைகள் எல்லாம் கியெவ் என்கின்றன, ஆகவே தலைப்பு கியெவ்.

முதல் தரப்பு நியாயத்தைப் பேசியது, ரெண்டாம் தரப்பு புழக்கத்தைப் பேசியது. விக்கிப்பீடியா விதி கேட்பது புழக்கத்தை மட்டும்தான். அதனால் கோரிக்கை திரும்பத் திரும்பத் தோற்றது. இந்த ஒரு விஷயத்துக்காகவே உரையாடல் பக்கத்துக்கு ஒரு துணைப்பக்கம் திறக்க வேண்டியிருந்தது. ஒரு கட்டத்தில், சில மாதங்களுக்குப் புதுக் கோரிக்கையே வைக்கக் கூடாது என்று இடைக்காலத் தடையும் வந்தது. தன் ஊரின் பெயரைப் பற்றி ஒருவர் மனம் நொந்து எழுதுகிறார், பதிலாக அவருக்கு ஒரு விதியின் இணைப்பு கிடைக்கிறது. பழைய பக்கங்களில் இந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்க்கலாம்.

பிறகு புழக்கமே மாறியது. 2018-இல் உக்ரைன் வெளியுறவு அமைச்சகம், கியெவ் வேண்டாம், கீவ் என்று எழுதுங்கள் என உலக ஊடகங்களைக் கேட்டு ஒரு பிரசாரம் தொடங்கியது. 2019 ஜூனில் அமெரிக்க அரசின் இடப்பெயர் வாரியம் கீவுக்கு மாறியது. ஆகஸ்டில் அசோசியேட்டட் பிரஸ். அக்டோபரில் பிபிசியும் வாஷிங்டன் போஸ்டும். நவம்பரில் நியூயார்க் டைம்ஸ்.

விக்கிப்பீடியாவில் இன்னொரு விதி உண்டு. ஒன்றின் பெயர் மாறினால், மாற்றத்துக்குப் பின் வந்த ஆதாரங்களுக்குக் கூடுதல் எடை. தடைக்காலம் முடிந்து வந்த கோரிக்கையில் மாற்றம் கேட்டவர்களின் கையில் இப்போது அடுக்கடுக்காக ஆதாரம். 2020 செப்டம்பரில் கட்டுரை நகர்ந்தது. ரஷ்யாவின் 2022 படையெடுப்புக்கு ஒன்றரை வருஷம் முன்பு என்பதைக் கவனியுங்கள். போர் வந்ததால் அனுதாபத்தில் மாற்றியது என்று பலர் நினைக்கிறார்கள், அது சரியில்லை.

ஜெயித்த பிறகு வந்த கேள்வி

தலைப்பு மாறிய அன்றே அடுத்த பிரச்சினை. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய அரசாட்சி பற்றிய கட்டுரைகளிலும் கீவ் என்று மாற்றுவதா? ஒரு பெயரைத் தேடி எல்லா இடத்திலும் மாற்றுவது எங்கள் தொழிலில் ஒரு நிமிஷ வேலை, அதே நேரத்தில் மிக ஆபத்தான வேலையும் கூட.

தனியாக ஒரு விவாதம் நடத்தி, கோடு போட்டார்கள். இன்றைக்கு இருக்கும் விஷயங்களுக்கு, உதாரணமாக அந்த நகரின் மெட்ரோவுக்கு, கீவ். தெளிவாகப் பழங்கால வரலாறு என்றால், இருப்பதை மொத்தமாக மாற்றக் கூடாது. நடுவில் உள்ளவற்றை ஒவ்வொன்றாகப் பேசிக்கொள்ள வேண்டும். நமக்கு இது புதிதில்லை. 1996-இல் மெட்ராஸ் சென்னையானது. ஆனால் உயர் நீதிமன்றத்தின் ஆங்கிலப் பெயரும் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலப் பெயரும் இன்றும் மெட்ராஸ்தான்.

இது நியாயமா?

எனக்கு இந்த முறையில் ஒரு உறுத்தல் உண்டு. ஒரு ஊரின் பெயரை அந்த ஊர்க்காரர்கள் சொல்லியும் கேட்காமல், லண்டனிலும் நியூயார்க்கிலும் இருக்கிற ஆசிரியர் குழுக்கள் மாறும்வரை காத்திருப்பது என்ன நியாயம்? அந்தப் பத்திரிகைக்காரர்களும் விக்கிப்பீடியாவைப் பார்க்கிறவர்கள்தானே? ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு ரெண்டு பேரும் நகராமல் நின்றிருந்தால்?

ஆனால் மாற்று வழியை யோசித்தால் அதுவும் சுலபமாக இல்லை. நியாயத்தை வைத்து முடிவு செய்வது என்று ஆரம்பித்தால், யாருடைய நியாயம்? எல்லைத் தகராறு உள்ள ஒவ்வொரு ஊருக்கும், தீவுக்கும் ரெண்டு நியாயங்கள் இருக்கின்றன. முடித்துவைப்பவர் யாரோ ஒரு தன்னார்வலர். அவரிடம் நீதிபதி வேலையைக் கொடுத்தால், அன்றைக்கு யார் முடித்துவைக்கிறாரோ அவர் அரசியலே தலைப்பாகும். புழக்கம் என்பது குறைந்தபட்சம் வெளியே போய் எண்ணிப் பார்க்கக்கூடிய ஒன்று.

இவ்வளவு படித்ததில் எனக்குப் பட்டது இதுதான். பத்து வருஷத்துக்கு மேல் கதவை அடைத்து வைத்த விதியும், கடைசியில் கதவைத் திறந்துவிட்ட விதியும் ஒன்றேதான். அதுவரை 'பத்திரிகைகளைப் பாருங்கள்' என்று சொல்லி எதிர்த்தவர்களுக்கு, பத்திரிகைகள் மாறிய பிறகு சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. இரவோடிரவாக யாரோ ஒரு நிர்வாகி 2010-இல் மாற்றியிருந்தால், மறுநாளே இன்னொருவர் திருப்பியிருப்பார். தாமதமாக வந்த முடிவு நின்றுவிட்டது. அந்தத் தாமதத்தின் விலையை ஒரு தரப்பு மட்டுமே கொடுத்தது என்பதும் உண்மை, அதை மறைக்க வேண்டியதில்லை.

அடுத்த முறை ஏதாவது ஒரு விக்கிப்பீடியா கட்டுரையின் தலைப்பு உங்களுக்கு உறுத்தினால், பக்கத்திலேயே 'உரையாடல்' என்று ஒரு தத்தல் இருக்கும், அதை அழுத்திப் பாருங்கள். உங்கள் ஆட்சேபத்தை உங்களுக்கு முன்பே யாரோ எழுதியிருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது. அவருக்கு என்ன பதில் கிடைத்தது என்று படித்துவிட்டு, அதற்குப் பிறகு வெளியே என்ன மாறியிருக்கிறது என்று தேடுங்கள். ஏதாவது மாறியிருந்தால், நீங்கள் வைக்க வேண்டிய வாதம் அதுதான்.