மாரிக்காவலும் மங்கிய கண்ணாடியும்

பனிச்சங்கேணி வாவியை அண்டிய வயல்களில் பெரும்போக வேளாண்மை பால்பிடிக்கும் காலமும், வடகீழ்ப் பருவமழை ஓயாது பெய்யும் காலமும் ஒன்றே. காட்டுப்பன்றி நெல்லைச் சாய்த்து உழக்குவதும், மேட்டுநிலத்து மரவள்ளியைக் கிண்டுவதும் இம்மழை இரவுகளிலேதான். காவற்பரணில் இருப்போரிடம் பெரும்பாலும் மின்சூளும், அனுமதிப்பத்திரம் பெற்ற துவக்குமே உண்டு. துவக்கின்மேல் தொலைநோக்கி பொருத்தியோர் சிலரே. எதுவாயினும் அதன் கண்ணாடி தெளிவாக இருத்தல் வேண்டும். மங்கிய கண்ணாடியூடாக நோக்குமிடத்து பன்றியும், அயலவரின் எருமைக்கன்றும், வரம்பில் குனிந்து மடை பார்க்கும் மனிதனும் ஒரே கரிய உருவமாகவே தோன்றுவர். அவ்வேளையில் விரல் விசையை நாடவே கூடாது.

கண்ணாடியை மங்கச் செய்வதில் மழைத்துளியைவிட மூச்சே முந்திநிற்கும். மாரி இரவிற் குளிர்ந்திருக்கும் வில்லையின்மீது, ஈரம் நிறைந்த வெப்பமூச்சுப் பட்டதும் நீராவி ஒடுங்கிப் படலமாகப் படியும். ஆகவே நோக்கவேண்டிய கணம்வரை தொலைநோக்கியைக் கண்ணருகே கொண்டுசெல்லலாகாது. மூச்சைக் கீழ்நோக்கி விடுதல் நன்று. நனைந்த சாரனுக்குள் அதைப் பொதிந்து வைத்தலும் தவறு. பழைய சைக்கிள் ரியூப்பில் வெட்டிய அகன்ற வளையமொன்றை இரு முனைகளையும் மூடும்படி நீளவாக்கில் இழுத்து மாட்டினால், மழை படாது. ஒரே இழுப்பிற் கழற்றவும் கூடும். இதை மாட்டும்போதும் கழற்றும்போதும் துவக்கில் தோட்டா இருத்தலாகாது. மின்சூளின் கண்ணாடியில் சவர்க்காரத்தை மிக மெல்லிதாகத் தடவி, கண்ணுக்குத் தெரியாதவாறு உலர்துணியால் துடைத்துவிட்டால், நீர் துளியாகத் தங்காது பரவிவிடும்.

தொலைநோக்கி வில்லைக்குச் சவர்க்காரம் வேண்டாம். ஊதா அல்லது பச்சைச் சாயலுடன் மினுங்கும் அதன் மேற்பூச்சு, ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றரின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு தடிப்பே உடையது. கடலும் வாவியும் சூழ்ந்த இவ்விடத்திற் காற்றோடு உப்பும் மணலும் வந்து படியும். அதைச் சாரன் முனையால் உலரத் தேய்ப்பது, அரத்தால் அராவுவதற்கு ஒப்பாகும். முதலில் மணலை ஊதி அகற்றி, சுத்தமாகப் பிடித்த மழைநீரைச் சில துளி விட்டு உப்பைக் கரையவிடுதல் வேண்டும். பின்னர் துவைத்துத் துவைத்து மென்மையான பருத்தித்துணியால் ஒற்றி எடுக்கலாம். வாவிநீர் உதவாது, அதிலேயே உப்புண்டு.

வெளியே துடைத்தும் மங்கல் நீங்காவிடின் ஈரம் உள்ளே புகுந்துள்ளதெனக் கொள்ளலாம். நல்ல தொலைநோக்கிகளின் குழாயில் நைதரசன் போன்ற உலர்வாயுவை நிரப்பி, இறப்பர் வளையங்களால் அடைத்திருப்பர். அவ்வடைப்புப் பழுதானால் வீட்டிற் கழற்றுவதும், அடுப்பருகே வைத்துச் சூடாக்குவதும் கேட்டையே பெருக்கும். திருத்தத் தெரிந்தவரிடம் ஒப்படைத்தலே வழி. அதுவரை அத்துவக்கை எடுக்காது, தகரம் தட்டியும் தீ மூட்டியும் காவல் செய்யலாம்.

அறுவடை முடிந்தபின் தோலுறையில் மூடிவைப்போர் பலர். தோல் ஈரத்தைப் பிடித்துவைப்பதால் வில்லையிற் பூஞ்சணம் படரும். அது கண்ணாடியையே அரித்துவிடும். நன்றாக உலர்த்திய பின்னர், மூடி இறுகிய தகரப்பேணியில், வறுத்து ஆறவைத்த அரிசியைத் துணிப்பொட்டலமாகக் கட்டி உடன்வைத்தல் நன்று. மாதமொருமுறை அவ்வரிசியை மாற்றுக.