புகைப்படத் தொழிலும் மூன்று நாட்காட்டிகளும்

ஆடி பிறந்ததும் இந்துக்களின் திருமண மண்டபங்கள் வெறிச்சோடுகின்றன. ஆயினும் புத்தளம் கரையோரத்தில் புகைப்படக் கலைஞர் அப்போது சும்மா இருப்பதில்லை. உடப்பு திரௌபதை அம்மன் ஆலயத் தீமிதியும் தலவில புனித அன்னம்மாள் ஆலயத்தின் ஆகஸ்ட் பெருவிழாவும் அக்காலத்தையொட்டியே வருகின்றன. கற்பிட்டியிலோ மே முதல் ஒக்டோபர் வரை காற்றை நம்பிப் பட்டச் சறுக்கல் வீரர்கள் வருகின்றனர். கடல் அடங்கும் நவம்பருக்குப் பின் டொல்பின்களைக் காண்போர் வருகின்றனர்.

ஆனால், ஆளுக்கொரு கைத்தொலைபேசி உள்ள இந்நாளில் விழாக் கூட்டம் தரும் வருமானம் சொற்பமே. ஸ்டூடியோவைத் தாங்குவது திருமண அல்பம். கத்தோலிக்கர் தவக்காலத்திலும் முஸ்லிம்கள் ரமழானிலும் பெரும்பாலும் திருமணம் வைப்பதில்லை. இவ்விரண்டும் வெவ்வேறு காலங்களில் வந்தபோது ஒரு சமூகத்தின் ஓய்வை மற்றதன் திருமணங்கள் ஈடுசெய்தன. 2025 மார்ச்சிலோ சில நாள் இடைவெளியில் இரண்டும் தொடங்கின. 2026 பெப்ரவரியிலும் அவ்வாறே. இரு சமூகத்தவரும் செறிந்து வாழும் இக்கரையில் அது பெரும் மந்தம். கடை வாடகையும் உதவியாளரின் சம்பளமும் அதற்காகக் காத்திருப்பதில்லை.

ரமழான் ஆண்டுதோறும் சுமார் 11 நாட்கள் முன்னகர்வதால் இந்நெருக்கடி மெல்ல விலகும். எனினும் 2030 இல் அது ஜனவரியிலும் டிசம்பர் இறுதியிலுமாக இருமுறை தொடங்கி, இந்துக்கள் திருமணம் தவிர்க்கும் மார்கழியைத் தொடும். நோன்புப் பெருநாளுக்குப் பின் குவியும் முற்பணத்தை அன்றே செலவிடாது, ஒரு பங்கை அம்மாதச் சம்பளத்துக்கென இப்போதிருந்தே ஒதுக்கிவைப்பது அவசியம். கமெரா வாங்கிய கடனின் தவணையையும் அக்கணக்கிலேயே சேர்த்துக்கொள்ள வேண்டும்.