முதல் பஸ்ஸிலிருந்து கடைசி பஸ் வரை

உவரியிலிருந்து அபிஷேகப்பட்டிக்கு, மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்துக்குத் தினமும் வந்துபோக நினைக்கும் மாணவி விடியுமுன் பஸ் ஏற வேண்டும். திசையன்விளை, திருநெல்வேலி, அதற்கப்பால் இன்னொரு பஸ். வகுப்புக்கு முன்னும் பின்னும் கையில் நிற்கும் நேரத்தை அவள் எங்கே கழிப்பாள்? இப்படியொரு வளாகத்தில் மாணவர் மையம் கட்டுவதென்றால் முதல் வேலை அதைக் கணக்கெடுப்பதுதான். வரைபடமெல்லாம் அப்புறம்.

ஒரு வாரம், மணிக்கொரு தடவை, நூலக வாசல், கேன்டீன், மரத்தடி, படிக்கட்டு என்று சுற்றி, எத்தனை பேர் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். விடுதிக்காரர்களையும் ஊரிலிருந்து வந்துபோகிறவர்களையும் தனித்தனியே கேளுங்கள். முதல் கூட்டம் மேடையும் கேரம் போர்டும் கேட்கும். இரண்டாவது கூட்டம் கேட்பது பை வைக்க லாக்கர், டிபன் பாக்ஸைத் திறக்க ஒரு மேசை, போனுக்கு சார்ஜ், சுத்தமான கழிப்பறை. கட்டடக் குழுவுக்கோ பெரும்பாலும் அரங்கம்தான் கண்ணில் நிற்கும். வருஷத்துக்கு நாலு விழா, மற்ற நாளெல்லாம் பூட்டு. என்னைக் கேட்டால், பணம் குறைந்தால் முதலில் வெட்ட வேண்டியது அரங்கத்தைத்தான்.

இடம் பஸ் நிறுத்தத்திலிருந்து வகுப்புக்குப் போகும் வழியிலேயே அமைய வேண்டும். ஒதுக்குப்புறத்தில் கட்டினால் ஆள் வராது. 2023 டிசம்பர் 17, 18 மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அந்த மழையில் வளாகத்தில் தண்ணீர் எங்கே நின்றது என்று பழைய காவலாளியிடம் கேட்டுவிட்டுத் தரைமட்டத்தை முடிவு செய்யுங்கள்.

அடுத்துதான் வரைபடம். மேற்கே பெரிய ஜன்னல் வைத்தால் ஆடியில் காற்றோடு தூசியும், சித்திரையில் பிற்பகல் வெயிலும் உள்ளே வந்துவிடும். படிக்கட்டு, கழிப்பறை, ஸ்டோர் ரூமை அந்தப் பக்கம் தள்ளி, உட்காரும் இடத்தை வடக்கு பார்த்த தாழ்வாரத்தோடு சேர்ப்பது நல்லது. சக்கர நாற்காலிக்கான சாய்தளம் ஓரடி ஏற குறைந்தது பன்னிரண்டடி நீளம் வேண்டும். வரைபடத்திலேயே இடம் விடாவிட்டால் பின்னால் நெட்டுக்குத்தாக ஒட்டவைப்பார்கள். உவரியில் கப்பல் வடிவில் நிற்கும் கப்பல் மாதா கோயிலைப் பார்த்துவிட்டு, நம்முடையதும் புத்தக வடிவில் இருக்கட்டுமே என்று யாராவது சொல்லக்கூடும். கடலுக்குப் போகிற ஊருக்குக் கப்பல் பொருந்துகிறது. புத்தக வடிவக் கட்டடத்தில் மூலைகள்தான் வீணாகும்.

திட்ட அனுமதி, தீயணைப்புத் துறையின் சான்று, தமிழ்நாட்டின் 1998ஆம் ஆண்டு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டப்படி டெண்டர். இவை நடக்கும்போதே மண் பரிசோதனையை முடித்துவிடலாம். பிறகு வானம் தோண்டி, அடித்தளம் போட்டு, தூண் எழுப்பி, சென்ட்ரிங் அடித்துத் தளம் போடுவது கொத்தனாருக்குக் கைவந்த வேலை. கண்காணிக்க வேண்டியது தண்ணீரை. கான்கிரீட் குழைவாக வரட்டும் என்று ஒரு வாளி கூட ஊற்றினால் பலம் குறையும். போட்டபின் குறைந்தது ஏழு நாள் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கணக்கில் எடுக்கும் முழுப் பலம் 28ஆம் நாளில்தான் வரும்.

இதே மையத்தைக் கடல்சார் படிப்புக்காக உவரிக் கரையில் கட்டுவதானால் கணக்கே வேறு. அலையேற்றக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் குறுக்கே வரும். உப்புக்காற்று கம்பியைத் தின்னும். அதனால் கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456 அங்கே எம்-30 தரத்துக்குக் குறையாத கான்கிரீட்டும், கம்பிக்கு மேல் 45 மி.மீ. மூடலும் கேட்கிறது. கடல் மணலும் உவர்த்தண்ணீரும் கலவைக்கு ஆகாது. நனைக்கவும் நல்ல தண்ணீர்தான் வேண்டும்.

பூச்சு, ஒயரிங், குழாய் முடிந்தால் திறப்பு விழா. அதற்கு முன்பே சாவி யாரிடம், மின்கட்டணம் எந்தத் தலைப்பில், கழிப்பறை கழுவுகிறவருக்குச் சம்பளம் எங்கிருந்து என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள். மையம் திறந்திருக்கும் நேரத்தை அலுவலக நேரத்தோடு கட்டாமல், முதல் பஸ்ஸிலிருந்து கடைசி பஸ் வரை என்று அந்த உத்தரவிலேயே போடச் சொல்லுங்கள்.