வம்சம் தேடி – 6: தாத்தா பெயர் பேரனுக்கு

திருவனந்தபுரம் கரமனை அக்கிரகாரத்தில் வம்சாவளி எழுத நினைக்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது, கம்ப்யூட்டரை அப்புறம் திறக்கலாம் என்பதுதான். வீட்டில் அமாவாசைத் தர்ப்பணம் செய்கிற பெரியவர் பக்கத்தில் ஒரு நோட்டோடு உட்காருங்கள். அவர் சொல்லும் மந்திரத்தில் வரிசையாக வருவார்கள்: அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா, அவர்களின் மனைவிமார் மூவர், அம்மா பிறந்த வீட்டில் அதேபோல் ஆறு பேர். ஆக 12 பெயர், கோத்திரத்தோடு. அம்மா உயிரோடு இருந்தால் பெண்கள் வரிசை பாட்டியிலிருந்து தொடங்கி ஒரு தலைமுறை மேலே ஏறும். சொத்துப் பத்திரங்களில் பெரும்பாலும் தலைகாட்டாத பெண்கள் இந்த மந்திரத்தில்தான் பெயரோடு இருக்கிறார்கள். என்னைப் பொறுத்தவரை இதைவிட மதிப்புள்ள ஆவணம் வீட்டில் வேறில்லை. தர்ப்பண வழக்கம் இல்லாத குடும்பங்கள், நெல்லையிலோ குமரியிலோ இருக்கும் குலதெய்வக் கோயிலின் வரிப் பட்டியலைக் கேட்டுப் பார்க்கலாம்.

பெயர்கள் வந்ததும் சிக்கலும் வரும். மூத்த பேரனுக்குத் தாத்தா பெயர். அண்ணன் வீட்டிலும் தம்பி வீட்டிலும் அதே தாத்தா என்பதால், ஒரே காலத்தில் ஒரே தெருவில் மூன்று சுப்பிரமணியன்கள் இருந்திருப்பார்கள். வருஷம் தெரியாத பெயரை மரத்தில் ஏற்றாதீர்கள்.

வருஷத்துக்கு ஜாதகம் இருக்கிறது. ‘ரக்தாட்சி வருஷம், ஆடி மாதம், அஸ்தம்’ என்று மட்டும் இருந்தால் 1864-ஆ, 1924-ஆ, 1984-ஆ என்று சொல்ல முடியாது. 60 வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பும். திருவிதாங்கூர் ஜாதகமென்றால் பக்கத்திலேயே கொல்லம் ஆண்டும் இருக்க வாய்ப்புண்டு. ஆவணி பிறந்ததிலிருந்து டிசம்பர் முடிய அதோடு 824 கூட்டுங்கள். ஜனவரியிலிருந்து ஆடி முடிய 825. கொல்லம் 1099, ஆடி என்றால் 1924. கேரளத்தையே புரட்டிப்போட்ட பெருவெள்ளம் வந்த ஜூலை அதில்தான் வருகிறது. ‘தொண்ணூற்றொன்பது வெள்ளத்துக்கு அடுத்த வருஷம் உங்க தாத்தா பொறந்தார்’ என்று பாட்டி சொன்னால் அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். மாதத்துக்கு ஒரு நட்சத்திரம் ஒருமுறை, சில சமயம் இருமுறை வரும் என்பதால், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பழைய பஞ்சாங்கக் கணிப்பில் தேதியையே பிடித்துவிடலாம்.

இனி கம்ப்யூட்டர். ‘ஃபேமிலிசர்ச்’ தளத்தில் காசில்லாமல் கணக்குத் தொடங்கி மரம் வரையலாம். யாத்திரை வரும் குடும்பங்களின் பெயர்களைக் குறித்துவைக்கும் ஹரித்வார் பண்டாக்களின் ஏடுகள் அங்கே படங்களாக உள்ளன; ஆனால் பெரும்பாலும் வடநாட்டுக் குடும்பங்கள், நமக்கு அதிகம் உதவாது. நமக்கு வேண்டியது ‘இன்டர்நெட் ஆர்கைவ்’. நாகமையா எழுதி 1906-இல் வெளிவந்த திருவிதாங்கூர் ஸ்டேட் மேனுவலின் மூன்று தொகுதிகளையும் அங்கே படிக்கலாம். நம் முன்னோர் வந்து குடியேறிய சமஸ்தானம் எப்படி நடந்தது என்பது அதில் விரிவாக இருக்கிறது. 1875 குடிக்கணக்கு அறிக்கையும் அவர் எழுதியதே. அதில் ஆள் பெயர் தேடிச் சலித்துப் போகாதீர்கள், வெறும் தொகைதான்.

ஆள் பெயர் இருப்பது வீட்டுப் பத்திரத்தில். இங்கே அதை ஆதாரம் என்போம். எழுதிக் கொடுத்தவர், வாங்கியவர், அவரவர் அப்பா பெயர், வயது எல்லாம் மலையாளத்தில் இருக்கும். எழுத்துத் தெரியாதவர்கள் இந்த வாரமே இணையத்தில் மலையாள அரிச்சுவடியைத் தொடங்கிவிடுங்கள். உள்ளே முந்தைய ஆதாரத்தின் எண்ணும் ஆண்டும் குறித்திருக்கும். அந்த எண்ணைப் பிடித்துப் பின்னால் போவது எப்படி என்று அடுத்த வாரம் பார்ப்போம்.