பூட்டி வைத்த கால்சியம்

நெல் வயலில் இலைச் சுருட்டுப் புழுவும் குருத்துப் பூச்சியும் ஏறிவிட்டால் விவசாயிகள் இன்று அதிகம் தேடிப் போகும் மருந்துகளில் ஒன்று குளோரான்ட்ரனிலிப்ரோல். உரக்கடையில் கோராஜன் என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். நெல்லுக்கு ஏக்கருக்கு 60 மில்லி. மருந்து பட்ட இலையைத் தின்ற புழு அந்த இடத்திலேயே செத்து விழுவதில்லை. முதலில் தின்பதை நிறுத்துகிறது. பிறகு உடல் சுருங்கி, நகர முடியாமல் இலையிலேயே கிடக்கிறது. அடுத்த சில நாட்களில் சாகிறது. புழுவின் தசைக்குள் ஏற்கெனவே சேமித்து வைத்திருந்த கால்சியம் வெளியேறும் வாயிலை அந்த மருந்து திறந்துவிட்டு, மூடவிடாமல் செய்துவிட்டது. தன் கால்சியமே புழுவை முடக்கிவிட்டது.

நம் தசையிலும் இதயத்திலும் மூளையிலும் அதே கால்சியம், அதே இனத்தைச் சேர்ந்த வாயிலுக்குப் பின்னால் இந்த நொடியிலும் பூட்டிக் கிடக்கிறது. பூச்சியின் வாயிலோடு ஒட்டுவதைப் போல நம்முடையதோடு அந்த மருந்து ஒட்டுவதில்லை. இரண்டுக்கும் நூற்றுக்கணக்கான மடங்கு வித்தியாசம். அதனால்தான் அது பயிர் மருந்தாக விற்பனைக்கு வர முடிந்தது.

கால்சியம் என்றதும் நமக்கு எலும்பும் பல்லும், பாலும் கேழ்வரகும் நினைவுக்கு வரும். தவறில்லை. வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறத்தாழ ஒரு கிலோ கால்சியம் இருக்கிறது. அதில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும்தான். ஆனால் உயிரோட்டத்தை நடத்துவது மிச்சமுள்ள ஒரு சதவீதம். அதிலும் ஓய்ந்திருக்கும் ஒரு செல்லின் உட்கூழில் தனித்துத் திரியும் கால்சியம், ரத்தத்தில் அப்படித் திரிவதில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். இவ்வளவு கறாராகக் குறைத்து வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. செல்லின் சக்தி நாணயமான ஏடிபி பாஸ்பேட்டால் ஆனது. செல்லுக்குள் எங்கு பார்த்தாலும் பாஸ்பேட். கால்சியமும் பாஸ்பேட்டும் தாராளமாகச் சந்தித்தால் படிந்து கெட்டியாகும். எலும்பு உருவாவது அப்படித்தான். அது செல்லுக்குள் நடந்தால் செல் பிழைக்காது. ஆகவே ஆதியிலிருந்தே செல்கள் கால்சியத்தை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கின்றன. எப்போதும் மிகக் குறைவாக இருக்கும் ஒன்று சற்றே கூடினாலும் அது உடனே தெரியும். அந்தக் கூடுதலையே உடல் செய்தியாகப் பயன்படுத்திக்கொண்டது. ஆபத்தான ஒரு பொருளையே செய்தி சொல்ல வைத்த இந்த ஏற்பாட்டை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

இதை முதலில் தொட்டவர் லண்டனில் இருந்த சிட்னி ரிங்கர் என்ற மருத்துவர். 1880களின் தொடக்கத்தில் தவளையின் இதயத்தைத் தனியே எடுத்து உப்புக் கரைசலில் துடிக்க வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கரைசல் காய்ச்சி வடித்த நீரில் தயாரானது என்றே அவர் நினைத்திருந்தார். உண்மையில் அது குழாய்த் தண்ணீர். உண்மையான வடிநீரில் கரைசல் செய்து பார்த்தபோது இதயம் தளர்ந்து நின்றது. குழாய்த் தண்ணீரில் இருந்த கால்சியத்தைத் திரும்பச் சேர்த்தார், மறுபடியும் துடித்தது. 1883-இல் அதை வெளியிட்டார். இன்று ஆஸ்பத்திரிக் கட்டிலருகே தொங்கும் 'ஆர்.எல்.' பாட்டில், அதாவது ரிங்கர் லாக்டேட், அவர் பெயரில் வந்தது. அதில் இன்றும் கால்சியம் இருக்கிறது.

ஆனால் கை, கால் தசைகள் ரிங்கரின் கணக்குக்குள் அடங்கவில்லை. சுற்றியுள்ள திரவத்தில் கால்சியமே இல்லாவிட்டாலும் எலும்புத் தசையின் இழை தூண்டினால் சுருங்கியது. அப்படியானால் அதற்குத் தேவையான கால்சியம் உள்ளேயே எங்கோ இருக்க வேண்டும். தசை இழைகளைச் சல்லாத்துணி போலச் சுற்றியிருக்கும் சார்கோபிளாச வலைதான் அந்தக் கிடங்கு. மற்ற செல்களில் அதே வேலையை எண்டோபிளாச வலை செய்கிறது. இந்தக் கிடங்கின் சுவரில் ஒரு பம்பு இருப்பதை 1960களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் ஹாசல்பாக், மகினோசே இருவரும், ஜப்பானில் செட்சுரோ எபாஷியும் காட்டினார்கள். ஒரு ஏடிபி மூலக்கூற்றைச் செலவழித்து இரண்டு கால்சியம் அயனிகளை உள்ளே இழுக்கும் பம்பு அது.

தசை தளர்வது சும்மா கிடைக்கும் ஓய்வு என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அதற்கும் சக்தி செலவாகிறது. வெளியே வந்த கால்சியத்தை ஒவ்வொரு முறையும் பம்பு அடித்துக் கிடங்கில் சேர்த்தால்தான் சுருங்கிய தசை விரியும். இதயம் நிமிடத்துக்கு 70 தடவை துடிக்கிறது என்றால், 70 தடவை கால்சியம் வெளியே வந்து, 70 தடவை உள்ளே போயிருக்கிறது. இறந்தவரின் உடல் சில மணி நேரத்தில் விறைத்துப் போவதும் இதனால்தான். ஏடிபி தீர்ந்துவிட்டது, பற்றிக்கொண்ட தசைப் புரதங்களை விடுவிக்கவும், கால்சியத்தை அப்புறப்படுத்தவும் வழியில்லை.

உள்ளே சேர்ப்பது பம்பு. வெளியே விடுவது யார்? இங்கேதான் ஒரு தாவரம் உதவிக்கு வந்தது. டிரினிடாட் தீவிலும் தென் அமெரிக்காவின் வட பகுதியிலும் வளரும் ரயானியா என்ற மரத்தின் தண்டை இடித்துத் தூளாக்கி 1940களிலேயே பூச்சி மருந்தாக விற்றார்கள். அதிலிருந்து பிரித்தெடுத்த நஞ்சு ரயனோடின். தசைக் கிடங்கின் வாயிலோடு அது இறுக ஒட்டிக்கொள்ளும் என்பதால், அதையே தூண்டிலாக்கி 1980களின் பிற்பகுதியில் வாயில் புரதத்தைத் தனியே பிடித்தார்கள். அதனால் அதன் பெயரே ரயனோடின் ஏற்பி என்று ஆகிவிட்டது. நான்கு ஒரே மாதிரித் துண்டுகள் சேர்ந்தது. ஒவ்வொரு துண்டிலும் சுமார் 5,000 அமினோ அமிலங்கள். அறியப்பட்ட அயனி வாயில்களிலேயே மிகப் பெரியது இதுதான்.

கைத்தசையில் இந்த வாயிலைத் திறக்கும் முறை நேரடியானது. நரம்பின் கட்டளையால் தசையின் வெளிச்சவ்வில் மின்னழுத்தம் மாறும்போது, சவ்விலுள்ள ஒரு புரதம் அசைந்து, எதிரே கிடங்கின் சுவரிலுள்ள ரயனோடின் ஏற்பியை இழுத்துத் திறக்கிறது. இதயத்தில் அப்படி இல்லை. அங்கே முதலில் வெளியிலிருந்து கொஞ்சம் கால்சியம் செல்லுக்குள் நுழைகிறது. அது போய் வாயிலைத் தொட்டதும் கிடங்கிலிருந்து பெருமளவு கால்சியம் வெளிப்படுகிறது. கால்சியமே கால்சியத்தை வெளிக்கொணர்கிறது. ரிங்கரின் தவளை இதயம் வெளிக் கால்சியம் இல்லாமல் நின்றுபோனதற்கும், கைத்தசை நிற்காததற்கும் வேற்றுமை இங்கேதான்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒரு வாயிலிலிருந்து வரும் கால்சியம் பக்கத்து வாயிலைத் திறக்கும் என்றால், அது அதற்கடுத்ததைத் திறக்கும். சரவெடியில் ஒரு வெடி பற்றினால் முழுச் சரமும் வெடித்துத் தீர வேண்டியதுதானே? இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் அளவோடு சுருங்குவது எப்படி? 1993-இல் செங், லெடரர், கேனல் என்ற மூவர் இதய செல்களில் ஒளிரும் சாயத்தைச் செலுத்தி நுண்ணோக்கியில் பார்த்தபோது இதற்கு விடை கண்ணுக்குத் தெரிந்தது. ஓய்ந்திருக்கும் செல்லில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிறு ஒளிப் பொட்டுகள் தோன்றி மறைந்தன. கால்சியப் பொறிகள் என்று அவற்றுக்குப் பெயர் வைத்தார்கள். ஒவ்வொரு பொறியும் ஒரு வாயில் கூட்டத்திலிருந்து மட்டும் வருவது. கூட்டங்களுக்கு இடையே போதுமான இடைவெளி இருப்பதால், ஒன்று திறந்தாலும் சாதாரணமாக அடுத்தது திறப்பதில்லை. மின் கட்டளை வரும்போது ஆயிரக்கணக்கான கூட்டங்கள் ஒரே நேரத்தில் தனித்தனியே திறக்கின்றன. அந்தக் கூட்டுத்தொகைதான் ஒரு துடிப்பு.

இதயத்து ரயனோடின் ஏற்பியின் மரபணுவில் பிழை இருந்தால் இந்தக் கட்டுப்பாடு தளர்கிறது. ஓடும்போதோ பயப்படும்போதோ அட்ரினலின் ஏறியதும், நேரம் தப்பிக் கால்சியம் கசிந்து இதயத் துடிப்பு தாறுமாறாகிவிடுகிறது. இப்படிப்பட்ட குழந்தைகள் விளையாடும்போது திடீரென மயங்கி விழுவார்கள். படுக்க வைத்து ஈசிஜி எடுத்தால் எல்லாம் சரியாகவே தெரியும். இந்தப் பிழைகள் 2001-இல் அடையாளம் காணப்பட்டன. ஓடும்போது மயங்கும் பிள்ளையைப் 'பலவீனம்' என்று டானிக் கொடுத்து அனுப்பிவிடக் கூடாது.

தசை அல்லாத செல்களுக்கு வேறொரு வாயில் இருக்கிறது. சாப்பாடு இறங்கியதும் கணையம் செரிமான நொதிகளைச் சுரக்க வேண்டும். கட்டளை செல்லின் வெளிச்சவ்வோடு நின்றுவிடுகிறது. கிடங்கோ உள்ளே இருக்கிறது. நடுவில் செய்தி கொண்டு போவது எது? கேம்பிரிட்ஜில் ஈக்களின் உமிழ்நீர்ச் சுரப்பியை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து வந்த மைக்கேல் பெர்ரிட்ஜ், ஜெர்மனியிலிருந்த குழுவோடு சேர்ந்து 1983-இல் விடையை வெளியிட்டார். சவ்வின் கொழுப்பிலிருந்து வெட்டி எடுக்கப்படும் ஐபி3 என்ற சிறு மூலக்கூறுதான் அது. எலியின் கணைய செல்களின் சவ்வைத் துளையிட்டு ஐபி3-ஐ விட்டதும் உள்கிடங்கிலிருந்து கால்சியம் வெளிவந்தது.

ஐபி3 திறக்கும் வாயிலில் தானாக அடங்கும் குணம் இருக்கிறது. கால்சியம் கொஞ்சம் கூடினால் வாயில் இன்னும் நன்றாகத் திறக்கும். மிகவும் கூடினால் மூடிக்கொள்ளும். அதனால் கால்சியம் ஒரே சீராக ஏறி நிற்காமல், ஏறி இறங்கி அலை அலையாக வருகிறது. ஈரல் செல்களில் 1986-இல் கண்ட காட்சி இது: ஹார்மோன் கூடினால் அலையின் உயரம் கூடவில்லை, அலைகள் அடிக்கடி வந்தன. அலைகள் எவ்வளவு அடிக்கடி வருகின்றன என்பதில்தான் செய்தி இருந்தது. கருமுட்டைக்குள் விந்தணு நுழைந்ததும் இதே அலைகள்தான் எழுந்து, மனித முட்டையில் மணிக்கணக்கில் தொடர்கின்றன. கரு வளரத் தொடங்குவதற்கான முதல் உத்தரவு அதுதான்.

இந்தத் துறையில் பெங்களூரிலிருந்து வந்த பங்கை நம் பத்திரிகைகள் போதுமான அளவு சொன்னதில்லை. தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் கைத்தி ஹசனின் குழு பழ ஈக்களில் ஐபி3 ஏற்பியின் மரபணுவைக் குறைப்படுத்திப் பார்த்தது. ஈ பிழைத்தது, ஆனால் பறக்க முடியவில்லை. கோளாறு நரம்பு செல்களில் இருந்தது. கிடங்கு காலியாகும்போது வெளியிலிருந்து கால்சியத்தை உள்ளே வரவழைக்கும் புரதங்களைக் கூடுதலாக உருவாக்கிக் கொடுத்ததும் பறக்கும் திறன் திரும்பியது. கிடங்கைத் திறப்பதும் அதைத் திரும்ப நிரப்புவதும் ஒரே ஏற்பாட்டின் இரண்டு பாதிகள் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

இனி வாசகர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று. 1960-இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் கால் முறிந்து வந்த 21 வயது இளைஞர், காலைப் பற்றிக் கவலைப்படாமல் மயக்க மருந்தைப் பற்றியே பயந்தார். அவர் உறவினர்களில் பத்துப் பேர் ஈதர் மயக்கத்துக்குப் பிறகு இறந்திருந்தார்கள். டென்பரோ, லவல் என்ற இரு மருத்துவர்கள் அதைக் காது கொடுத்துக் கேட்டு, லான்செட் இதழில் எழுதினார்கள். ஒரு பரம்பரை நோய் அப்படித்தான் வெளிச்சத்துக்கு வந்தது. பெரும்பாலும் கைத்தசையின் ரயனோடின் ஏற்பியில் உள்ள பிழையே அதற்குக் காரணம். அந்தப் பிழை உள்ளவருக்கு ஐசோஃப்ளூரேன், செவோஃப்ளூரேன் போன்ற மூச்சுவழி மயக்க மருந்தோ, சக்சினைல்கோலின் ஊசியோ கொடுத்தால் வாயில் திறந்து மூடாமல் நின்றுவிடலாம். தசை இறுகுகிறது. பம்புகள் ஓயாமல் அடித்து ஏடிபியை எரிக்கின்றன. வெளிவிடும் மூச்சில் கரியமில வாயு ஏறுகிறது, உடல் கொதிக்கிறது, சிதையும் தசையிலிருந்து பொட்டாசியம் ரத்தத்தில் கலக்கிறது, இதயம் நின்றுபோகலாம். வாயிலை அடக்கும் மருந்து டான்ட்ரோலீன். 1970களில் பன்றிகளில் பலன் நிரூபணமாகி மனிதர்களுக்கு வந்தது. முன்பு பத்தில் ஏழெட்டுப் பேரைக் கொன்ற நிலை, அந்த மருந்து கைவசம் உள்ள இடங்களில் பெரிதும் மாறிவிட்டது. பழைய வகை மருந்தை 20 மில்லிகிராம் குப்பிக்கு 60 மில்லி நீர் ஊற்றிக் குலுக்கிக் கரைக்க வேண்டும். 70 கிலோ எடையுள்ளவருக்கு முதல் தவணைக்கே ஒன்பது குப்பிகள். ஆபரேஷன் தியேட்டரில் அந்த நேரத்தில் அதற்கென்றே தனியாக ஆட்கள் வேண்டும். எல்லா ஊர் ஆஸ்பத்திரியிலும் இது இருப்பில் இருக்கும் என்று நம்பி இருக்க முடியாது.

முன்கூட்டியே தெரிந்தால் ஆபத்தைத் தவிர்ப்பது எளிது. புரோபோஃபால் போன்ற ஊசி மருந்துகளும், முதுகில் போடும் மரப்பு ஊசியும் இந்த வாயிலைத் தூண்டுவதில்லை. பிழை பெற்றோரில் ஒருவரிடம் இருந்தால் பிள்ளைக்கு வர ஐம்பது சதவீத வாய்ப்பு. முன்பு ஒருமுறை மயக்கம் கொடுத்து எதுவும் ஆகவில்லை என்பதும் உத்தரவாதம் அல்ல. எனவே உங்கள் வீட்டிலோ, சித்தப்பா, அத்தை, மாமா வழியிலோ யாருக்காவது ஆபரேஷன் மேஜையில் காரணம் தெரியாமல் கடும் காய்ச்சலோ, தசை விறைப்போ, மரணமோ நேர்ந்திருந்தால், அடுத்த ஆபரேஷனுக்கு முன் மயக்க மருந்து டாக்டரிடம் அதை நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். அவர் கேட்கும் வரை காத்திருக்காதீர்கள்.