பழைய சிற்றுடல் அரைக்குடைவுக் கித்தார்

சிற்றுடல் அரைக்குடைவுக் கித்தார் என்பது, உடற்பகுதி ஓரளவு மட்டும் குடையப்பட்டு, எஞ்சிய பகுதி திண்மையான மரமாக விடப்பட்ட, அளவிற் சிறிய மின்கித்தார் வகையாகும். இசைக்கருவிக் கடைகளில் இது 'செமி ஹாலோ' என்றே வழங்குகிறது. 1950கள் முதல் 1980கள் வரை ஐக்கிய அமெரிக்காவிலும் ஜப்பானிலும் செய்யப்பட்ட இவ்வகைக் கருவிகளை இசைக்கலைஞரும் சேகரிப்பாளரும் தேடி வாங்குகின்றனர். அவை பயன்படுத்தப்பட்ட நிலையிலேயே விற்பனைக்கு வருவதால், வாங்குபவர் கருவியின் உள்ளமைப்பையும் அதன் உறுப்புகளின் வயதையும் தாமே சோதித்தறிய வேண்டியுள்ளது. விற்பவர் சொல்லும் பெயர், ஆண்டு ஆகிய இரண்டும் பல வேளைகளில் கருவியோடு பொருந்துவதில்லை.

அமைப்பு

மின்கித்தார்கள் உடலமைப்பைக் கொண்டு மூவகைப்படும். பெட்டி போல உள்ளே வெற்றிடமாக இருப்பது முழுக்குடைவு. முழுவதும் மரமாக இருப்பது திண்ம உடல். இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது அரைக்குடைவு.

முழுக்குடைவுக் கித்தாரை ஒலிபெருக்கிக்கு அருகில் நின்று உரத்து வாசித்தால், ஒலிபெருக்கியின் ஒலி கித்தாரின் மேற்பலகையையும் தந்திகளையும் அதிரச் செய்கிறது. அவ்வதிர்வைப் பிக்கப் மீண்டும் ஒலிபெருக்கிக்கே அனுப்புகிறது. இச்சுழற்சி வலுத்து ஊளையாக மாறுவதே பின்னூட்டம் எனப்படும். உடலின் நடுவே ஒரு கட்டையை வைத்தால் மேற்பலகையின் அதிர்வு கட்டுப்படும். ஆயினும் இருபுறமும் உள்ள வெற்றிடம் ஒலிக்கு ஒரு மென்மையைத் தரும். கித்தார் கலைஞர் லெஸ் பால் 1940ஐ ஒட்டிய ஆண்டுகளில், ஏறத்தாழ நான்கு அங்குலச் சதுரக் கட்டை ஒன்றில் தந்திகளைப் பூட்டி, எப்பிஃபோன் கித்தாரின் பக்கங்களை அதன் இருமருங்கிலும் பொருத்தினார். இந்தக் கருத்து பெருமளவு உற்பத்திக்கு வந்தது 1958 இல் கிப்சன் நிறுவனம் வெளியிட்ட ஈஎஸ்-335 மூலமாகும். அதன் மேற்பலகையும் அடிப்பலகையும் மேப்பிள் ஒட்டுப்பலகையால் ஆனவை. நடுவில் மேப்பிள் கட்டை கழுத்திலிருந்து அடி வரை செல்கிறது.

ஈஎஸ்-335 இன் அகன்ற பகுதி சுமார் 16 அங்குலம். அமர்ந்து வாசிப்போருக்கும் சிறிய உடல்வாகு உடையோருக்கும் இது பெரிது. ஆகவே 13 முதல் 15 அங்குலத்துக்குள் அடங்கும் அரைக்குடைவுக் கருவிகளுக்குத் தனியான தேவை உண்டு. இக்கட்டுரையில் சிற்றுடல் என்பது இந்த அளவையே குறிக்கும்.

சிறியவை எல்லாம் அரைக்குடைவு அல்ல

தேடுவோர் முதலில் எதிர்கொள்ளும் குழப்பம் இதுவே. '335 போன்றது, ஆனால் சிறியது' என்ற எண்ணத்தோடு 1950களின் கிப்சன் கித்தாரைத் தேடுபவருக்குப் பெரும்பாலும் ஈஎஸ்-140 காட்டப்படும். 1950 இல் அறிமுகமான அது 12¾ அங்குல அகலமுள்ள அழகிய கருவி, ஆனால் முழுக்குடைவு. உள்ளே கட்டை கிடையாது. உரத்து வாசித்தால் ஊளையிடும். அதேபோல 1961 இல் வந்த எப்பிஃபோன் கசினோ, தோற்றத்தில் ஈஎஸ்-335 ஐ ஒத்திருந்தாலும் முழுக்குடைவே, அளவும் சிறியதன்று.

மறுபக்கம், திண்ம உடல் போலத் தோன்றும் சில கருவிகள் உண்மையில் குடையப்பட்டவை. 1953 இல் வந்த கிரெட்ச் டுவோ ஜெட் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. மேற்பலகையில் ஒலித்துளை இல்லாததால் அது கிப்சனின் லெஸ் பால் கித்தாருக்குப் போட்டியான திண்ம உடல் என்றே பலர் கருதினர். உள்ளே பல அறைகளாக மரம் குடையப்பட்டிருக்கும். கையில் தூக்கிப் பார்த்தாலே எடையில் வேறுபாடு தெரியும்.

கிப்சன் நிறுவனமே சிற்றுடல் அரைக்குடைவை ஒழுங்காக முயன்றது மிகவும் பிந்தித்தான். 1979 இல் வந்த ஹோவர்ட் ராபர்ட்ஸ் ஃப்யூஷன் சுமார் 15 அங்குல அகலமுடையது. 1996 இல் ஈஎஸ்-336 உம், 2007 இல் ஈஎஸ்-339 உம் வந்தன. '1960களின் 339' என்று எவரேனும் விற்க முற்பட்டால் அத்தகைய கருவி இருந்ததில்லை என்பதை நினைவிற் கொள்க.

ராஸ்மைசலும் பின்புறக் குடைவும்

இவ்வகையின் வரலாற்றில் ரோஜர் ராஸ்மைசல் என்ற ஜெர்மானியக் கைவினைஞரின் பங்கு பெரியது. கிப்சன் பெயருக்குக் கிடைத்த புகழில் இது சற்று மறைந்துவிட்டது. அவர் ரிக்கன்பேக்கர் நிறுவனத்துக்காக வடிவமைத்த கேப்ரி வரிசை 1958 இல் வெளிவந்தது. பலகைகளை வளைத்துப் பெட்டி செய்வதற்கு மாறாக, கட்டையைப் பின்புறமிருந்து குடைந்து, பிறகு மெல்லிய அடிப்பலகையால் மூடும் முறையை அவர் கையாண்டார். இதனால் நடுக்கட்டையைத் தனியாக ஒட்டத் தேவையில்லை. பின்னர் ஃபெண்டர் நிறுவனத்துக்குச் சென்ற அவர், 1968 இல் வந்த டெலிகாஸ்டர் தின்லைன் உருவாக்கத்திலும் பங்கேற்றார். அதிலும் உடல் குடையப்பட்டுள்ளது. அக்காலத்தில் எடை குறைந்த ஆஷ் மரம் கிடைப்பது அரிதாகியிருந்தது. எடையைக் குறைப்பதே அக்குடைவின் முதன்மை நோக்கம்.

கேப்ரி வரிசையின் மிகச் சிறிய கருவி 325 ஆகும். ஜான் லெனன் 1960 இல் ஹாம்பர்க் நகரில் இதனை வாங்கினார். இதன் தந்தி நீளம் 20¾ அங்குலம் மட்டுமே. கிப்சன் கருவிகளில் இது பொதுவாக 24¾ அங்குலம். இவ்வேறுபாடு வாங்குபவருக்கு முக்கியமானது. ஒரே தந்தியை ஒரே சுருதிக்கு இழுக்கும்போது, இழுவிசை நீளத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்தில் அமையும். கணக்கிட்டால் 325 இல் இழுவிசை கிப்சனில் உள்ளதில் ஏறத்தாழ 70 விழுக்காடே வரும். மெல்லிய தந்திகளைப் பூட்டினால் தளர்ந்து சுருதி விலகும். கடையில் அத்தகைய நிலையில் வாசித்துப் பார்த்துவிட்டுக் கருவி பழுது என்று ஒதுக்குவோர் உண்டு. தடித்த தந்திகளைப் பூட்டிப் பார்த்த பின்னரே முடிவு செய்தல் நலம்.

பயன்படுத்திய கருவிகளின் இரு வாழ்க்கைகள்

ஜார்ஜ் ஹாரிசன் 1961 இல் லிவர்பூலில் ஒரு கப்பல் பணியாளரிடமிருந்து 1957 ஆம் ஆண்டின் டுவோ ஜெட் ஒன்றைப் பயன்படுத்திய நிலையில் வாங்கினார். பின்னர் அதை நண்பர் கிளாஸ் ஃபோர்மனுக்குக் கொடுத்தார். அங்கே அதில் மாற்றங்கள் செய்யப்பட்டன. பல ஆண்டுகளுக்குப் பின் திரும்பப் பெற்றுச் சீரமைத்து, 1987 இல் வெளியான 'கிளவுட் நைன்' இசைத்தொகுப்பின் அட்டையில் அதனோடு காட்சியளித்தார். லெனனின் 325 இன் கதையும் இத்தகையதே. இயற்கை மர நிறத்தில் இருந்த அது கறுப்பாக்கப்பட்டது. குமிழ்களும், தந்திகளை அசைக்கும் நெம்புகோலும் மாற்றப்பட்டன. 1970களில் மீண்டும் மர நிறத்துக்குக் கொண்டுவரப்பட்டது.

இவற்றை உரிமையாளர் பெயரின்றி ஒரு கடையில் வைத்தால், இரண்டுக்கும் 'மாற்றப்பட்டது' என்ற சீட்டு ஒட்டி விலையைக் குறைத்துவிடுவர். சந்தையில் அசல் நிலை என்பது அவ்வளவு இறுக்கமாகப் பார்க்கப்படுகிறது. இது சேகரிப்பாளரின் அளவுகோல். ஒலியின் அளவுகோல் அன்று. வாசிப்பதற்காக வாங்குபவர், நேர்த்தியாகப் பழுதுபார்க்கப்பட்டு வெளிப்படையாக விற்கப்படும் கருவியையே நாடுவது நன்று. மாற்றத்தை மறைத்து முழு விலைக்கு விற்பதுதான் இழப்பை உண்டாக்கும்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. பழைய பிக்கப்புகளுக்குத் தனியே உயர்ந்த விலை கிடைப்பதால், நல்ல நிலையிலுள்ள கருவிகளைப் பிரித்து உறுப்புகளாக விற்கும் வழக்கம் பரவியுள்ளது. எஞ்சும் உடலும் கழுத்தும் வேறு உறுப்புகளோடு மீண்டும் சந்தைக்கு வருகின்றன.

சோதிக்கும் முறை

உள்ளமைப்பை முதலில் பார்க்க வேண்டும். எஃப் வடிவ ஒலித்துளை இருந்தால் சிறு மின்விளக்கும் பல் மருத்துவர் பயன்படுத்துவது போன்ற கண்ணாடியும் போதும். குதிரைக்கு நேர்கீழே கட்டை தெரிந்தால் அரைக்குடைவு. துளை இல்லாத கருவிகளில் விரலால் தட்டிப் பார்க்கலாம். நடுவிலும் ஓரங்களிலும் ஒலி வேறுபடும். பலகைக்கும் கட்டைக்கும் இடையே ஒட்டு விட்டிருந்தால் வாசிக்கும்போது மெல்லிய நடுக்கொலி கேட்கும். துளை வழியே கம்பிகளை இழுத்துப் பழுதுபார்ப்பது கடினம் என்பதால், பொறுமையற்ற முன்னாள் உரிமையாளர் அடிப்பலகையில் வழி வெட்டியிருக்கவும் கூடும். அதையும் தேடுக.

அடுத்தது கழுத்து. மகோகனிக் கழுத்துடைய கிப்சன் கருவிகளில் தலைப்பகுதி பின்னோக்கிச் சாய்ந்திருப்பதாலும், கழுத்தினுள் உள்ள இறுக்குக் கம்பிக்காக அங்கே மரம் குடையப்பட்டிருப்பதாலும், கீழே விழுந்தால் முறிவது அவ்விடமே. சாய்வான ஒளியில் தலைப்பகுதியின் பின்புறத்தைப் பார்த்தால் ஒட்டிய கோடு தெரியும். முறிந்து ஒட்டப்பட்ட கருவியின் விலை பெரிதும் குறையும். ஒட்டு நன்றாக இருந்தால் வாசிப்புக்குத் தடையில்லை. கழுத்து உடலோடு சேரும் கோணமும் முக்கியம். குதிரையை அடிவரை தாழ்த்திய பின்னும் தந்திகள் மெட்டுகளுக்கு மேல் உயரமாகவே நின்றால், கழுத்தைக் கழற்றி மீண்டும் பொருத்த வேண்டியிருக்கும். பழைய கிரெட்ச் கருவிகளில் இது அடிக்கடி காணப்படுவது, செலவும் மிகுதி. அதே கிரெட்ச் கருவிகளின் ஓரப்பட்டி செல்லுலாய்டு, காலப்போக்கில் தானே சிதைந்து உதிரும். அதிலிருந்து வெளிப்படும் வாயு அருகிலுள்ள உலோகத்தை அரிக்கும். பெட்டிக்குள் பத்திரமாக மூடிவைக்கப்பட்ட கருவியே இதனால் அதிகம் கெட்டிருக்கலாம்.

மெருகு அசலா என்பதைப் புறஊதா விளக்கில் பார்ப்பர். பழைய நைட்ரோசெல்லுலோஸ் மெருகு அவ்வொளியில் பசுமை கலந்த மஞ்சளாக மிளிரும். பின்னர் பூசிய இடங்கள் கருமையாகவோ வேறு நிறத்திலோ தெரியும்.

ஆண்டைக் கணித்தல்

வரிசை எண்ணை மட்டும் நம்புதல் கூடாது. 1960களில் கிப்சன் ஒரே எண்ணை வெவ்வேறு ஆண்டுகளில் பல கருவிகளுக்கு இட்டது. 1977 முதல் பயன்படுத்திய எட்டிலக்க முறை தெளிவானது: முதல் இலக்கமும் ஐந்தாம் இலக்கமும் சேர்ந்து ஆண்டு, இடையிலுள்ள மூன்றும் அவ்வாண்டின் நாள். 71239 எனத் தொடங்கினால் 1979 இன் 123 ஆம் நாள், அதாவது மே 3.

நம்பத்தக்க சான்று ஒலியளவுக் குமிழின் அடியிலுள்ள மாறுமின்தடையில் பொறித்த எண்ணாகும். அமெரிக்கத் தயாரிப்புகளில் முதல் மூன்று இலக்கங்கள் அதைச் செய்த நிறுவனத்தைக் குறிக்கும்: 137 எனில் சிடிஎஸ், 134 எனில் சென்ட்ராலேப், 304 எனில் ஸ்டாக்போல். அடுத்து ஆண்டு, பிறகு வாரம். 1376618 என்றால் சிடிஎஸ், 1966, 18 ஆம் வாரம். இந்தத் தேதி கித்தாரின் தேதி அன்று. கித்தார் இதற்கு முன் செய்யப்பட்டிருக்க முடியாது என்பதே இதன் பொருள், உறுப்பு மாற்றப்படாத வரை. ஃபெண்டர் 1966 இல் பெருந்தொகையாக வாங்கி வைத்த மின்தடைகள் அதற்குப் பல ஆண்டுகள் பிந்திய கருவிகளிலும் உள்ளன. எனவே 1966 என்ற எண்ணுள்ள 1968 தின்லைன் ஐயத்துக்குரியதன்று. மாறாக, 1972 என்ற எண்ணுள்ள '1968' தின்லைன் விளக்கம் கேட்கத் தக்கது. பற்றாசு புதிதாகப் பளபளத்தால் யாரோ கைவைத்துள்ளனர் என்று கொள்க.

ஜப்பானியக் கருவிகள்

விலையையும் தரத்தையும் ஒருங்கே நோக்கினால், வாசிப்போருக்கு மிகவும் ஏற்றவை 1980களின் ஐபனீஸ் ஏஎம் வரிசைக் கருவிகள் எனலாம். ஜான் ஸ்கோஃபீல்டு கையாளும் ஏஎஸ்-200 இன் சிறிய உடன்பிறப்புகள் இவை. ஏஎம்-50, ஏஎம்-205 ஆகியன குறிப்பிடத்தக்கவை. நாகானோ மாநிலத்தின் மட்சுமோட்டோ நகரிலுள்ள ஃபுஜிகென் தொழிற்சாலையில் அக்காலத்தில் செய்யப்பட்ட ஐபனீஸ் கருவிகளின் எண்ணைப் படிப்பது எளிது: ஏ முதல் எல் வரையான ஆங்கில எழுத்து மாதத்தையும், அடுத்த இரு இலக்கங்கள் ஆண்டையும் குறிக்கும். சி82 எனில் 1982 மார்ச்சு. டோக்கியோவின் ஒச்சனோமிசு பகுதியில் கித்தார் கடைகள் தெரு முழுதும் நிறைந்துள்ளன. 'ஜங்க்' என்ற சீட்டோடு விற்கப்படும் கருவிகளும் அந்நாட்டில் உண்டு. அவற்றுக்கு உத்தரவாதமோ திரும்பப் பெறுதலோ இராது.

எல்லை கடத்தல்

வேறு நாட்டிலிருந்து வாங்குவோர் மரத்தின் பெயரையும் கேட்டறிய வேண்டும். 1960களின் இறுதி வரை பல அமெரிக்கக் கித்தார்களின் விரற்பலகை பிரேசில் ரோஸ்வுட் மரத்தால் ஆனது. அம்மரம் 1992 இல் சைட்ஸ் உடன்படிக்கையின் முதல் பின்னிணைப்பில் சேர்க்கப்பட்டது. உரிய சான்றிதழின்றி அனுப்பப்படும் கருவியைச் சுங்கத்துறை பறிமுதல் செய்யலாம். வாங்கியவருக்குக் கருவியும் இல்லை, பணமும் இல்லை. பிரேசில் மரத்துக்குப் பிறகு பரவலாகப் பயன்பட்டது இந்திய ரோஸ்வுட், அதாவது மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரம். ஈட்டி உட்பட அப்பேரினத்தின் ஏனைய மரங்கள் 2017 சனவரியில் இரண்டாம் பின்னிணைப்பில் வந்தன. 2019 நவம்பர் முதல் முழுமையாகச் செய்து முடிக்கப்பட்ட இசைக்கருவிகளுக்கு அதில் விலக்கு உண்டு. பிரேசில் ரோஸ்வுட்டுக்கு அவ்விலக்குப் பொருந்தாது. சிறிய விரற்பலகையாயினும் விதி ஒன்றே.